நடந்து வந்த குரல்

தேரிவிளையில் செல்போன் டவர் சாய்ந்து பதினோராம் நாள், அதுவரை போனுக்குள் மட்டும் இருந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் குரல், இனி மணி அடிக்காது என்று தெரிந்துகொண்டதாலோ, கேட்டுக் கேட்டே பழகிய வாய் சும்மா கிடக்காது என்பதாலோ, செம்மணல் மேடாகக் கிடக்கிற தேரியைக் கடந்து, கால் பொரிந்துபோகிற வெயிலில், நடந்தே ஊருக்குள் வந்தது.

முதலில் பார்த்தவள் ஜெபக்கனி. கப்பலில் சமையல் வேலை பார்க்கிற அருள்தாசனின் மனைவி. வாசலில் சாளைக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது, வெள்ளைச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக ஒருவர் நின்று, "மேடம், நான் பேங்க்ல இருந்து பேசுறேன்" என்றார். எதிரே நின்றுகொண்டு இப்படிச் சொல்கிறாரே என்று அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் மூன்று வருஷமாகப் போனில் கேட்ட குரல், தெரிந்த குரல், அதனால் தெரிந்தவரைக் கேட்பதுபோல, "மோர் குடிக்கியளா?" என்று கேட்டாள். அவர் குடித்தார். குடித்துவிட்டு, "வீட்டுக்காரர் எப்ப வர்றாரு?" என்றார். "ஈஸ்டர் முடிஞ்சு" என்றாள் ஜெபக்கனி. வேறொன்றும் கேட்காமல் செம்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வருஷமாக அந்தக் குரல் ஊரில் எல்லாருக்கும் போன் போட்டு, கார்டு காலாவதியாகிறது என்றும், பரிசு விழுந்திருக்கிறது என்றும், மகன் போலீசில் மாட்டிக்கொண்டான் என்றும் சொல்லி, ஆறு இலக்க எண்களைக் கேட்டு வாங்கியிருந்தது. கொடுத்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் அவர்களே மறுபடியும் கொடுத்தார்கள். ஆகவே அது நேரில் வந்ததைப் பார்த்து ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. டவர் இல்லாத கஷ்டம் அதற்கும் இருக்குமல்லவா என்று டீக்கடையில் சிலர் பரிந்துகூடப் பேசினார்கள்.

தேரிவிளையின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். கதவு தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்பார்கள், வெளியேயிருந்து "நாந்தான்" என்பார்கள், கதவு திறக்கும். இரண்டாம் தரம் "யாரு?" என்று கேட்பது அந்த ஊரில் மன்னிக்க முடியாத அவமரியாதை. என் குரல்கூடத் தெரியாமல் போயிற்றா என்று முகம் சுண்டிப்போய்த் திரும்பிப் போனவர்கள் உண்டு, அப்படிப் போய்ப் பதினைந்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த அண்ணன் தம்பிகளும் உண்டு. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் அப்படித்தான். வெளியூர்க்காரர் ஒருவரைப் பற்றி விசாரித்தால், அவர் வீடு, அவர் பெண்ணெடுத்த ஊர், அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது வரைக்கும் சொல்லி, கையோடு கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டால்தான் இவர்களுக்குச் சாப்பாடு இறங்கும்.

பெரிதாக எதையும் அது கேட்கவில்லை. ஒரு வீட்டில் பக்கத்து வீட்டு நாயின் பெயரைக் கேட்டது, இன்னொரு வீட்டில் எதிர்வீட்டுப் பையன் பம்பாயில் எந்தக் கடையில் வேலை பார்க்கிறான் என்று கேட்டது, கரண்ட் ஆபீஸ்காரராக வந்து மீட்டரைப் பார்த்தபடியே மேலத்தெரு சீனித்தாய்க்கு மகன் மேல் என்ன கோபம் என்று கேட்டது, நர்சாக வந்து யார் யாருக்கு எங்கெங்கே தழும்பு என்று கேட்டது, எல்லாரும் ஆளுக்கு ஒரு துணுக்கு கொடுத்தார்கள், ஒரு துணுக்கில் என்ன ஆகிவிடப்போகிறது என்று கொடுத்தார்கள். ஒருநாள் பகலில் சீனித்தாய் வீட்டுக் கதவைத் தட்டி, பம்பாய் மகனின் குரலில், மகனின் முகத்தோடு, புருவத்து வெட்டுத் தழும்போடு, "நாந்தாம்மா, இன்னுமா எம்மேல கோவம்?" என்றது.

சீனித்தாய் கதவைத் திறந்தாள். அது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் பேசிக்கொண்டே தெருவோடு நடந்து, தேரிக்குள் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினார்கள். பிறகு யாரும் அவளைப் பார்க்கவில்லை. மணலில் சீனித்தாயின் தடம் மட்டும்தான் இருந்தது, பாதி வழியில் அதுவும் நின்றுபோயிருந்தது. மகன் எட்டாம் நாள் நிஜமாகவே பம்பாயிலிருந்து வந்து, பூட்டாத வீட்டுக்குள் நின்று அழுதான்.

ஊர் பயந்தது என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. பால்காரன் மணியடித்தால் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போனார்கள். மத்தியானத்தில் தாளிக்கிற சத்தம் வெளியே கேட்காதபடி பெண்கள் தாளிக்காமலேயே குழம்பை இறக்கினார்கள். ஆனால் ஒன்று மட்டும் ஊருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டார்கள். கதவைத் திறந்தால்தான் ஆபத்து. தெருவில் நின்று பேசுவதில் ஒன்றுமில்லை. அதனால் கதவுகளை இறுக்கிச் சாத்திவிட்டு டீக்கடையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் முன்பைவிட அதிகமாகப் பேசினார்கள். அதற்குத் தடம் விழுவதில்லை என்று டீக்கடையில் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். மறுநாளிலிருந்து அதற்கும் தடம் விழுந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் ஞானசிகாமணி கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். "யாரு கதவத் தட்டினாலும் ஊருக்குப் பொதுவா ஒரு சொல்லு வச்சுக்கிடுவோம். அதச் சொன்னாத்தான் தொறக்கணும். வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது, ஆமா" என்றார். ஒரு மணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் "பனங்கிழங்கு" என்று முடிவானது. வந்தவர்களைப் பேர்பேராக எண்ணி நூற்று நாற்பது சுண்டல் பொட்டலம் கட்டியிருந்தார்கள். கொடுத்து முடித்தபோது ஒரு பொட்டலம் குறைந்தது. கட்டியவனைத்தான் திட்டினார்கள். மறுநாள் அது ஐந்து வீட்டு வாசலில் நின்று "பனங்கிழங்கு" என்றது, இரண்டு வீடுகள் திறந்தன.

பிறகு ஆளாளுக்கு ஒரு வழி செய்தார்கள். "யாரு?" என்பதை மட்டும் அப்போதும் இரண்டாம் தரம் கேட்கவில்லை, அந்த மரியாதை போகவில்லை, அதற்குப் பதிலாக நாற்பது கேள்வி கேட்டார்கள். டவரை நிமிர்த்த வந்த கம்பெனி ஆட்களிடம் நாற்பது கேள்வி கேட்டு, எதற்கும் பதில் தெரியாததால் கல்லெறிந்து விரட்டினார்கள். இப்படி ஏமாற வேண்டாம் என்று நோட்டீஸ் கொடுக்க வந்த கான்ஸ்டபிள், ஒரு வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் கிடைக்காமல், நோட்டீஸ் கட்டை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுப் போனார். அந்த நோட்டீசை யாரும் தொடவில்லை. டவர் கிடந்த இடத்திலேயே கிடந்தது, வெளியூரிலிருந்து யாருக்கும் ஒரு சேதியும் வரவில்லை.

ஈஸ்டர் நெருங்க நெருங்க ஜெபக்கனி காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருள்தாசன் கப்பலை விட்டு இறங்கி வருகிற நாள் வந்துகொண்டிருந்தது. டவர் சாய்வதற்கு முன்னால் கடைசியாகப் பேசியபோது, "இந்தத் தடவ ஆறு மாசம் நிப்பேன்ளா" என்றிருந்தான். அவன் வருகிற செய்தியை அந்தக் குரலுக்கு முதலில் கொடுத்தது தான்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம், மோர்ச் செம்பைக் கொடுத்த கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. வந்து நிற்பவனிடம் எதைக் கேட்டுச் சோதிப்பது? கல்யாணம் செய்துவைத்த சாமியார் பெயர் ஊருக்கே தெரியும். அவன் முழங்காலில் ஏழு தையல் என்பது எல்லாருக்கும் தெரியும். அவன் பிரியாணிக்குப் புதினா போடமாட்டான் என்பதுகூடக் குழாயடிக்குத் தெரியும். தவறிக் கதவைத் திறந்தால் அவளும் ஒன்பது வயது ரூத்தும் தேரிக்குள் போக வேண்டியதுதான். திறக்காமல் விட்டால், கடல் தாண்டி வந்தவன் சொந்த வாசலிலிருந்து திரும்பிப் போவான்.

அப்படித் திரும்பிப் போனவனை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். லாரி ஓட்டுகிற சேர்மராஜ் இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். மனைவி பாக்கியச்செல்வி கதவுக்கு உள்ளே நின்று, மறுவீட்டு விருந்தில் என்ன பாயசம் என்று கேட்டாள். "சேமியா" என்றான் அவன். அன்றைக்கு வைத்தது பாசிப்பருப்புப் பாயசம்; அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பொழுது சாயும் வரைக்கும் கதவருகே நின்றவன், கையிலிருந்த பையைப் படியில் வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் போனான், போனவன் போனவன்தான். ஒரு வாரம் கழித்துப் பாக்கியச்செல்வி பையைக் கம்பால் இழுத்துப் பிரித்தபோது, உள்ளே கடலைமிட்டாயும், அவள் கால் அளவுக்கு ஒரு ஜோடி செருப்பும் இருந்தன. அந்தக் குரல் எதையும் கேட்டு வாங்கத்தான் வருமே தவிர, கொண்டுவந்ததே இல்லை. இதை அவள் குழாயடியில் சொல்லி அழுதாள். அடுத்த நாளிலிருந்து அதுவும் கடலைமிட்டாய் கொண்டுவந்தது.

குழாயடியில் மற்றவர்கள் செருப்பைப் பற்றிப் பேசியபோது, ஜெபக்கனி பாயசத்தைப் பற்றி யோசித்தாள். தப்பாகச் சொன்னவன்தான் புருஷன். அது ஊரெல்லாம் கேட்டுப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறது, அதற்கு எதுவும் தவறாது, மனுஷனுக்குத்தான் தவறும். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, ரூத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்று உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. ரூத்து பிறந்தது ஜூலை பதினாலு. அன்றைக்கு அருள்தாசன் நடுக்கடலில் இருந்தான். சேதி கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது பதினேழாம் தேதி. அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் அவனுக்கு மகள் பிறந்தநாள் பதினேழுதான். வருஷா வருஷம் இதற்கு வீட்டுக்குள் ஒரு சண்டை வரும், சிரிப்பில் முடியும், அது வெளியே போனதில்லை.

ஈஸ்டர் முடிந்து நாலாம் நாள், காலை பதினோரு மணிக்குக் கதவு தட்டியது.

"யாரு?"

"நாந்தான்."

ரூத்து "யப்பா!" என்று கத்திக்கொண்டு தாழ்ப்பாளுக்கு ஓடினாள். ஜெபக்கனி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அருள்தாசன்தான். கறுத்து, இளைத்து, பெரிய பெட்டியோடு, சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி நின்றான். சாமியார் பெயரைக் கேட்டாள், சொன்னான். தையலைக் கேட்டாள், கைலியைத் தூக்கிக் காட்டினான், ஏழு. புதினாவைக் கேட்டாள், சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவர்தான், இவரேதான் என்று மனது அடித்துக்கொண்டது.

"ரூத்து பொறந்தது என்னைக்கி?"

"ஜூலை பதினாலு" என்றது அது, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

ஜெபக்கனி ஜன்னலை விட்டு விலகினாள். பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தாள். வெளியே அது முதலில் கெஞ்சியது. "ஏளா, என்னளா ஆச்சு? எல்லாஞ் சரியாத்தான சொன்னேன்?" என்றது. பிறகு அவளை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடித்தது. "ரூத்து, ஏ கண்ணு, அப்பா நிக்கேன்லா. காலு பொள்ளுது கண்ணு. பொம்ம வாங்கியாந்திருக்கேன். அம்மாவுக்குத் தெரியாம மெதுவா வந்து தொற" என்றது. ரூத்து திமிறினாள், கையைக் கடித்தாள், ரத்தம் வந்தது, ஜெபக்கனி விடவில்லை. மூன்று மணி வரைக்கும் அந்தக் குரல் அழுதது. அவள் புருஷன் அவள் தகப்பனார் செத்தபோது எப்படி அழுதானோ அப்படியே அழுதது. ஒருவேளை இந்தத் தடவை தேதியைச் சரியாக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறானோ, நம்மைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னானோ என்று நினைத்து நினைத்து அவள் செத்துப் பிழைத்தாள். பிறகு சத்தம் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அது அழுத சுவடே இல்லாமல், அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஆறு நாள் கழித்து மறுபடியும் தட்டியது. "யாரு?" என்றாள். "நாந்தான்" என்றது. ரூத்து இந்தத் தடவை ஓடவில்லை, அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். ஜெபக்கனி சாமியாரையும் கேட்கவில்லை, தையலையும் கேட்கவில்லை.

"ரூத்து பொறந்தது என்னைக்கி?"

வெளியே பெட்டியைத் தொப்பென்று கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "பஸ்ஸ விட்டு எறங்குனதுல இருந்து பாக்கேன், எந்த வீட்லயும் ஒரு கதவு தொறக்கல, என்ன ஊருளா இது? பதினேழு. நீ பதினாலும்ப. ஒம்மேல சத்தியமா எனக்குப் பதினேழுதான். இப்பக் கதவத் தொற, இல்ல வெயில்ல இங்கனயே விழுந்து சாவுதேன்."

அவள் கதவைத் திறந்தாள். கதவைத் திறந்து, அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, தாழ்ப்பாளைப் போட்டு, அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்து அடித்து அழுதாள். என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே அவனும் அழுதான். அழுகிற இரண்டு பேரையும் பார்த்து ரூத்து, ஒரு மாதத்துக்குப் பிறகு, சிரித்தாள்.

மீன் வாங்கக் கடைக்குப் போக முடியாது, கருவாட்டைத்தான் வறுத்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு கடுகு வெடிக்க, கறிவேப்பிலை பொரிய, தெருவுக்கே கேட்கும்படி தாளித்தாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான். பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனபோது, பொதுச் சுவருக்கு மேலே அருள்தாசனின் தங்கை அன்னரோஸ் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தச் சுவர் வழியாகத்தான் குழம்பும் உப்பும் பேச்சும் பதினோரு வருஷமாகப் போய்வந்தன, அந்தச் சுவரில் யாரும் "யாரு?" என்று கேட்டதில்லை.

"மதினி, அண்ணன் வந்தாச்சாமே! எப்டி மதினி கண்டுபுடிச்சிய?" என்றாள் அன்னரோஸ். கண்ணெல்லாம் சிரிப்பு.

ஜெபக்கனியின் நெஞ்சு நிரம்பியிருந்தது. ஒரு மாதமாக மடித்துக் கடித்திருந்த உதடு அது. சொந்தத் தங்கச்சிக்கு அண்ணன் வந்த கதையைச் சொல்லாவிட்டால் வேறு யாருக்குச் சொல்வது? "ஒங்க அண்ணன் தப்பாச் சொன்னாரு ரோஸு" என்றாள். "மக பொறந்த தேதி பதினேழாம்! எல்லாத்தையும் சரியாச் சொன்னா அது. மனுசன்னா எங்கனயாவது தப்புவான்லா?" அன்னரோசும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இது தெரியாமப் போச்சே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் அருள்தாசன் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். அவள் வேண்டாம் என்றாள். "கடலு தாண்டி வந்தவன வீட்டுக்குள்ள பூட்டி வைக்கப்போறியாக்கும்? போன மாதிரி வாறேன்" என்றான். வந்தால் பதினேழு என்று சொல்லுங்க என்று அவளும் சிரித்துக்கொண்டே அனுப்பினாள்.

அவன் போய் அரைமணி நேரம் கழித்துப் பின்சுவரில் அன்னரோஸ் எட்டிப் பார்த்தாள். தலை கலைந்து, கையில் பெரிய எக்ஸ்ரே கவரோடு இருந்தாள். "மதினி, அண்ணன் வந்தாச்சாமே, இப்பத்தான் பஸ்ல சொன்னாவ. நானும் எங்க மாமியாரும் மூணு நாளா திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில கெடக்கோம். இப்பத்தான் எறங்குதோம். எப்டி மதினி கண்டுபுடிச்சிய?"

ஜெபக்கனியின் கையிலிருந்த தட்டு விழுந்து உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது. கதவுகளை எல்லாம் பூட்டிக்கொண்டதில், பக்கத்து வீட்டில் மூன்று நாளாக ஆள் இல்லை என்பதுகூடத் தெரியாமல் போயிருந்தது. உள்ளே ஓடினாள். தெருவில் எட்டிப் பார்த்து அவனைக் கூப்பிடலாம் என்று ஜன்னலுக்குப் போனபோது, மேலத்தெரு முனையிலிருந்து குரல்கள் கேட்டன. ஒரு வாசலில் ஒருவர், "தேதியா? பத்து... இல்ல, பன்னெண்டோ? மறந்துபோச்சே" என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து, "மறக்குதுன்னா மனுசன்தான்" என்ற பேச்சும் தாழ்ப்பாள் விலகுகிற சத்தமும் வந்தன.

அப்போது அவள் கதவு தட்டியது.

"யாரு?"

"நாந்தான்ளா. பதினேழு."

தாழ்ப்பாளை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. தெருவில் இன்னொரு காலடிச் சத்தம் வேகமாக வந்து வாசலில் நின்றது.

"ஏளா, பதினேழு, பதினேழு! கதவத் தொற" என்றது இன்னொரு குரல். அதே குரல்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இரண்டு அருள்தாசன்கள் நின்றார்கள். இரண்டு பேர் விரலிலும் மெழுகு உருகி ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், இரண்டு முகத்திலும் ஒரே பயம் இருந்தது. நேற்றுப் பேசியதைக் கேட்கலாமா என்று நினைத்தாள். சரியாகச் சொன்னால் யார், தப்பாகச் சொன்னால் யார் என்று இனி அவளால் சொல்ல முடியாது. சரியாகச் சொல்லவும் அதற்குத் தெரியும், தப்பாகச் சொல்லவும் நேற்று அவளே சொல்லிக்கொடுத்துவிட்டாள். ரூத்து சேலையைப் பிடித்து இழுத்து, "யம்மா, எந்த அப்பாவுக்குத் தொறக்கணும்?" என்று கேட்டாள்.

ஜெபக்கனி கதவில் நெற்றியை வைத்து, தேரிவிளையில் யாரும் எந்தக் காலத்திலும் கேட்காததைக் கேட்டாள். இரண்டாம் தரமாக, "யாரு?" என்றாள்.

"நாந்தான்" என்றார்கள் இரண்டு பேரும், அழுதுகொண்டே.